செவியே அரங்கு

மதுரையிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் சாலை உசிலம்பட்டியையும் ஆண்டிபட்டிக் கணவாயையும் தேனியையும் கடந்து மலையடியில் வந்து சேரும் இடம் போடிநாயக்கனூர். அங்கிருந்து சாலை மலைமேல் ஏறத் தொடங்கும். 17 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றிச் சென்றால் போடிமெட்டு. அதற்கு அப்பால் கேரள எல்லை. பூப்பாறை, சாந்தன்பாறை, நெடுங்கண்டம் என்று விரிந்து கிடக்கும் ஏலமலை. ஏலம் விளைவது மலைமேல்; அதனைத் தரம் பிரிப்பதும் விலை பேசுவதும் மலையடியில். ஆதலின் இவ்வூர்த் தெருக்களில் நடப்போர் கிடங்கு எது, வீடு எது என்று கண்ணால் தேட வேண்டுவதில்லை, மூக்கே வழிகாட்டும்.

அக்கிடங்குகளில் பெண்கள் வரிசையாக அமர்ந்து, காயைப் பரப்பித் தரம் பிரிப்பர். பசுமை மாறாத பெருங்காய் ஒருபுறம். வெளுத்த காய் ஒருபுறம். வெடித்த காய் மற்றொருபுறம். கண்ணும் கையும் ஒரு கணமும் ஓய்வதில்லை. வாயும் பெரும்பாலும் ஓய்வதில்லை என்பது உண்மையே! ஆயினும் முழுவதும் ஓய்ந்திருப்பது செவி ஒன்றே. அச்செவிக்கு வேலை கொடுத்தது வானொலி. சுவரில் அடித்த பலகைமேல் ஒரு பெட்டி இருக்கும். பாட்டும் செய்தியும் நாடகமும் அதிலிருந்து நாள் முழுதும் ஒழுகிக்கொண்டிருக்கும். அக்காலத்தில் வானொலிப் பெட்டி வைத்திருப்போர் ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும். அக்கட்டணத்தைக் கூலியாட்கள் தம்முள் பகிர்ந்து கொடுத்த கிடங்குகளும் உண்டு.

நாடகம் என்பது கண்ணுக்கு உரிய கலை என்றே நம்மவருள் பலர் எண்ணுகின்றனர். ‘கூத்துப் பார்க்கப் போனேன்’ என்று சொல்கிறோமே அன்றிக் ‘கூத்துக் கேட்கப் போனேன்’ என்று சொல்வதில்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை அரங்கின் நீள அகலங்களைக் கோல் கொண்டு அளந்து காட்டுகிறது. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று திரைகளை வகைப்படுத்துகிறது. தூணின் நிழல் ஆடுவோர்மேல் விழாதவாறு விளக்கு வைக்க வேண்டும் என்றும் கூறுகிறது. இவை யாவும் கண்ணுக்குச் செய்த ஏற்பாடுகள். ஆயினும் தமிழ் நாடகத்தின் உயிர்நிலை செவியிலே உள்ளது என்பது என் துணிபு. இதனை யான் எந்த நூலிலும் கற்றேன் அல்லேன். ஏலக்காய் உலர்த்தும் அடுப்பின் அருகே கற்றேன். யான் கற்றதற்கு மற்றொருவர் விலை கொடுத்தார்.

அது 1974ஆம் ஆண்டு, ஐப்பசித் திங்கள். அப்பொழுது எனக்கு வயது பதினேழு. தமிழ்ப் புலவர் வகுப்பில் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. நன்னூல் நூற்பாக்கள் நாவில் நின்றன. அவை தந்த செருக்குத் தலையில் நின்றது. என் தந்தையார் போடிமெட்டுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். விடுமுறைக்கு அங்குச் சென்றிருந்தேன். அது காய் எடுக்கும் பருவம்.

பறித்த பச்சைக்காயை அன்றே உலர்த்தத் தொடங்கிவிட வேண்டும். உலர்த்தும் இல்லத்தைத் தொழிலாளர் ‘ஸ்டோர்’ என்பர். வெளியே அடுப்பு இருக்கும். அடுப்பிலிருந்து இரும்புக் குழாய்கள் அறைக்குள் ஓடி, புகையை மறுபுறம் வெளியேற்றும். குழாயின் சூடு மட்டும் அறையில் தங்கும். அவ்வறையில் தட்டுத் தட்டாகக் காயைப் பரப்பி அடுக்குவர். வெப்பம் ஏறத்தாழ 45 முதல் 55 பாகை செல்சியசு வரை நிற்க வேண்டும். ஓர் இரவு முழுதும், சில வேளை மறுநாள் நண்பகல் வரையிலும், அச்சூட்டைக் காத்திருக்க வேண்டும். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்து ஒரு கிலோ ஆகும். சூடு குறைந்தால் பூஞ்சை பிடிக்கும். மிகுந்தால் பசுமை போய்க் காய் மஞ்சளிக்கும், வாய் பிளக்கும். நிறம் போன காய்க்கு விலையும் போயிற்று. ஆதலின் அடுப்பைக் காப்பவர் கண்ணயர்தல் கூடாது.

அந்தத் தோட்டத்தில் அடுப்பைக் காத்தவர் அறுபது வயதுப் பெரியவர் ஒருவர். எழுத்தறியாதவர். அவருக்குத் துணை ஒரு வானொலிப் பெட்டி. மத்திய அலையின் இயல்பை மாணவர்கள் அறிந்திருப்பீர்கள். பகலில் அது சிறிது தொலைவே செல்லும். இரவிலோ வானின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி நெடுந்தொலைவு வந்து விழும். அதனால் பகலெல்லாம் முனகிக்கொண்டிருந்த திருச்சிராப்பள்ளி நிலையம் இருட்டிய பின் வாய் திறந்து பேசும். கடலுக்கு அப்பாலிருந்து இலங்கை வானொலியும் வந்து சேரும். மலைச்சரிவில் இரவு என்பது பேரிருள். அவ்விருளில் அடுப்பின் வாயில் ஒரு செந்நிறம், பெட்டியின் முகப்பில் ஒரு சிறு வெளிச்சம், வெளியே மழை. வேறொன்றும் இல்லை.

அன்று இரவு வானொலியில் ‘நந்தனார் சரித்திரம்’ இசை நாடகமாக ஒலித்தது. இதனை இயற்றியவர் 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார். தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான ஓர் உழவுத் தொழிலாளி தில்லைக்குச் சென்று கூத்தப்பிரானைக் காண விழைகின்றான். செல்ல வேண்டுமாயின் ஆண்டையிடம் விடை பெற வேண்டும். ஆண்டை விடை தர மறுக்கின்றார். ‘பயிரை யார் பார்ப்பது?’ என்று சினக்கின்றார். நந்தன் மீண்டும் மீண்டும் கேட்கின்றான். கெஞ்சுகின்றான், பாடுகின்றான், அஞ்சி ஒதுங்குகின்றான், மறுபடியும் வந்து நிற்கின்றான்.

யான் வாளா இருந்திருக்கலாம். புலவர் வகுப்பு மாணவன் ஆயிற்றே! ‘இந்த ஆண்டை என்னும் பாத்திரம் பெரியபுராணத்திலேயே இல்லை. சேக்கிழார் இப்படியொரு செய்தி பாடவில்லை. பின்வந்தவர் இட்டுக்கட்டியது’ என்று உரக்கக் கூறினேன். கூறியது பொய்யன்று, நூலளவில் அது மெய்யே.

பெரியவர் அடுப்பில் ஒரு கட்டையைத் தள்ளிக்கொண்டே கேட்டார்: “சேக்கிழார் என்கிறாயே, அவர் என்ன வேலை பார்த்தவர், தம்பி?”

“சோழ மன்னரிடம் அமைச்சராக இருந்தவர்” என்றேன்.

“அப்படியானால் அவர் யாரிடமும் போய் விடுப்புக் கேட்டு நின்றிருக்க மாட்டார். அதனால்தான் அந்தக் கட்டத்தை விட்டுவிட்டார் போலும்” என்றார் பெரியவர்.

எள்ளி நகையாடும் குரலில் அவர் சொல்லவில்லை. ஒரு நியாயத்தை எடுத்துச் சொல்வார்போலச் சொன்னார். முந்தைய ஆண்டு, கீழே ஊர்த் திருவிழாவுக்குச் செல்ல மூன்று நாள் விடுப்புக் கேட்டு, ஒரு நாளும் கிடைக்கப்பெறாதவர் அவர் என்பதைப் பின்னரே அறிந்தேன். தமிழிலக்கிய ஆராய்ச்சி என்று யான் பிற்காலத்தில் படித்த நூல்களுள் அந்த ஒரு மறுமொழிக்கு ஈடாக எத்தனை நின்றன என்று எண்ணிப் பார்த்ததுண்டு. சில நின்றன, பல நிற்கவில்லை.

சிறிது நேரம் கழித்துப் பெரியவர் விறகு கொண்டுவரப் புறப்பட்டார். “வெப்பமானியைப் பார்த்துக்கொள், தம்பி. மேலே ஏறினால் இரண்டு கட்டையை வெளியே இழுத்துப் போட்டுவிடு” என்று சொல்லிச் சென்றார். அப்பொழுது நாடகத்தில் ஆண்டை ஒரு நிபந்தனை விதித்தார். நாற்பது வேலி நிலத்தின் வேலை முடிந்தால் நந்தன் போகலாம். ஓர் இரவில் நாற்பது வேலியா! நந்தனின் குரல் உடைந்தது. யான் வானொலிப் பெட்டியின் அருகே நகர்ந்தேன். அதன் முகப்பு வெளிச்சத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன், அந்தச் சிறு கண்ணாடிக்குள் நந்தன் நிற்கின்றான் என்பதுபோல. வெப்பமானி என்னும் பொருள் உலகில் உண்டு என்பதே எனக்கு மறந்துபோயிற்று.

பெரியவர் திரும்பி வந்தார். நிலைமையை ஒரு நொடியில் உணர்ந்தார். விறகுச் சுமையைக் கீழே போட்டுவிட்டு, எரியும் கட்டைகளை வெளியே இழுத்தார். ஸ்டோரின் கதவைத் திறந்துவிட்டார். பின்பு என்னைப் பார்த்து, “காதை அங்கே கொடுத்தது சரிதான். கண்ணை ஏன் கொடுத்தாய், தம்பி?” என்றார்.

விடிந்தபோது சில தட்டுக் காய்கள் மஞ்சளித்திருந்தன. மேற்பார்வையாளர் வந்து கேட்டார். “என் கை தவறிவிட்டது” என்றார் பெரியவர். அவருடைய ஒரு வாரக் கூலி பிடிக்கப்பட்டது. அதனைப் பேரேட்டில் எழுதியவர் என் தந்தையார். எழுதும்போது யான் அருகில் நின்றேன். வாய் திறந்து உண்மை சொல்லியிருக்கலாம். சொன்னேன் அல்லேன். என் தந்தையாரிடம் அச்செய்தியைச் சொல்ல எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. அதற்குள் பெரியவர் அத்தோட்டத்தை விட்டுச் சென்றுவிட்டார். எங்குச் சென்றார் என்று எவரும் அறியார்.

‘நந்தனார் சரித்திர’த்தைக் குறைத்து மதிப்பிட்ட புலவன் யான் ஒருவன் மட்டும் அல்லன் என்பது பின்னாளில் எனக்கு ஒருவகை ஆறுதல் தந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்கள் மாயூரத்தில் இருந்த காலத்தில், கோபாலகிருஷ்ண பாரதியார் தம் நூலைக் கொண்டுவந்து சிறப்புப்பாயிரம் வேண்டினார். பிள்ளையவர்கள் ஏட்டை நோக்கினார். இலக்கணப் பிழைகள் கண்ணில் உறுத்தின. கொச்சைச் சொற்கள் உறுத்தின. கதையும் சேக்கிழார் வாக்கோடு ஒவ்வவில்லை. மறுத்துரைக்க மனமின்றி நாள் கடத்தி வந்தார். பாரதியாரும் சளையாமல் வந்துகொண்டேயிருந்தார். ஒருநாள் பிள்ளையவர்கள் வீட்டினுள் இருக்க, பாரதியார் வெளித்திண்ணையில் அமர்ந்து தம் கீர்த்தனங்களைத் தமக்குத் தாமே பாடலானார். உள்ளிருந்த பெரும்புலவர் கேட்டார், உருகினார். அதன்பின் பாயிரம் தாமதிக்கவில்லை. இச்செய்தியை நமக்கு எழுதி வைத்தவர் பிள்ளையவர்களின் மாணாக்கராகிய உ. வே. சாமிநாதையர்.

இங்கு ஊன்றி நோக்கத்தக்கது ஒன்று உண்டு. நூல் அதே நூல். சொற்கள் அதே சொற்கள். திண்ணையில் பாடியதனால் ஓர் இலக்கணப் பிழையேனும் திருந்திவிடவில்லை. கண் வழியே சென்றபோது வழக்காடிய அந்நூல் செவி வழியே சென்றபோது வென்றது. இடையே ஒரு சுவரும் இருந்தது. பாடுவோர் முகம் கேட்போருக்குத் தெரியவில்லை. வானொலி என்பது பிறப்பதற்கு முன்னரே மாயூரத்தில் ஒரு வானொலி நாடகம் நடந்தேறியது என்று யான் விளையாட்டாகச் சொல்வதுண்டு.

அயல்நாட்டார் இந்தச் சுவரின் பயனை விரைவில் உணர்ந்துகொண்டனர். 1923ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இலண்டன் மாநகரின் கோவென்ட் கார்டன் அரங்கிலிருந்து மோட்சார்ட்டின் ‘மாயக் குழல்’ என்னும் ஆப்பெரா ஒலிபரப்பாயிற்று. ஆப்பெரா என்பது மேலை நாட்டாரின் இசை நாடகம். பேச்சும் பெரும்பாலும் பாட்டாகவே நிகழும். அதற்கு அடுத்த ஆண்டு சனவரியில், வானொலிக்கென்றே எழுதப்பட்ட ஒரு நாடகம் பி.பி.சி. நிலையத்தில் ஒலித்தது. ரிச்சர்ட் ஹியூஸ் என்னும் இளைஞர் எழுதியது. கதை நிகழும் இடம் ஒரு நிலக்கரிச் சுரங்கம். விளக்குகள் அணைந்துவிடுகின்றன, உள்ளே அகப்பட்டவர்கள் இருளில் பேசிக்கொள்கின்றனர். கேட்போரும் காணார், கதைமாந்தரும் காணார்! எத்துணை நுட்பமான ஏற்பாடு! நியூயார்க்கு நகரின் மெட்ரோபாலிடன் ஆப்பெரா அரங்கோ 1931ஆம் ஆண்டுக் கிறித்துமசு நாள் தொடங்கித் தன் நாடகங்களை வானொலியில் அனுப்பத் தலைப்பட்டது. அவ்வரங்கின் வாயிலைக் கண்டறியாத உழவரும் சிற்றூராரும் அதனால் அவ்விசையைக் கேட்டனர்.

நம் நாட்டில், சென்னை மாநகராட்சி 1930இல் வானொலி நிலையம் ஒன்றைத் தொடங்கி நடத்தியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938இலும், திருச்சிராப்பள்ளி நிலையம் 1939இலும் தோன்றின. எங்கள் பகுதிக்கு அண்மையில் மதுரை நிலையம் வந்தது 1987இல்தான். 1956 முதல் நாடகங்களுக்கென ஒரு தேசிய நிகழ்ச்சியும் நடைபெறலாயிற்று; ஒரு மொழியில் எழுந்த நாடகம் பிற மொழிகளிற் பெயர்க்கப்பட்டு ஒரே இரவில் நாடெங்கும் ஒலித்தது. வங்காளத்து வீட்டுச் சண்டையை ஏலத்தோட்டத்துக் கொட்டகையில் கேட்டு, யார் பக்கம் நியாயம் என்று எங்கள் ஊரார் மறுநாள் வழக்குப் பேசியதை யான் அறிவேன்.

வானொலி வந்தபோது தமிழ் இசை நாடகம் அதற்கு அணியமாக இருந்தது. காரணம் சொல்வேன். தூத்துக்குடிக்கு அருகில் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள், வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் எனப் பல நாடகங்களை இயற்றினார். 1918இல் மதுரையில் சிறுவர்களைக் கொண்டு தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபை என்னும் நாடக சபையை நிறுவினார். ‘அபிமன்யு சுந்தரி’ என்னும் முழு நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று அவர் மாணவராகிய டி. கே. சண்முகம் குறித்துள்ளார். ஓர் இரவில் அவ்வளவு எழுத வல்லார்க்குச் சொற்கள் கையில் இருந்திரா, நாவில் இருந்திருக்கும்.

அந்நாடகங்கள் எங்கு நடந்தன? கோயில் திடலில், கீற்றுக் கொட்டகையில், நள்ளிரவில். ஆயிரக்கணக்கானோர் கூடுவர். பந்தலின் கடைசியில் இருப்பவனுக்கு வேடத்தின் முகம் தெரியாது. மாலையின் நிறமும் தெரியாது. தாயின் மடியில் கிடக்கும் குழந்தைக்கோ பந்தலின் கூரை மட்டுமே தெரியும். ஒலிபெருக்கி வாராத காலம். ஆதலின் நடிகன் குரலால்தான் ஆடவேண்டும். எஸ். ஜி. கிட்டப்பா, கே. பி. சுந்தராம்பாள் போன்றோர் பெற்ற பெரும்புகழ் குரலுக்குக் கிடைத்த புகழே அன்றோ? கடைசி வரிசையில் இருந்தவன் அன்றே செவியால் நாடகம் கண்டவன். வானொலி அந்தக் கடைசி வரிசையை நீட்டி, மலைச்சரிவு வரையில் கொண்டுவந்து சேர்த்தது, அவ்வளவே.

எங்கள் மலைநாட்டார்க்கு ‘வள்ளி திருமணம்’ உயிர். அதற்கும் காரணம் உண்டு. வள்ளி மலைச்சரிவில் தினைப்புனம் காப்பவள். பரண்மேல் நின்று ஆலோலம் பாடிக் கிளி ஓட்டுபவள். ஏலச்செடிக்குள் நாள் முழுதும் குனிந்து காய் எடுக்கும் பெண்ணுக்கு அவள் அயலாள் அல்லள். வானொலியில் அந்த ஆலோலக் குரல் முதலில் எங்கோ தொலைவில் ஒலிக்கும். மெல்ல மெல்ல அருகே வரும். ஒலிவாங்கியிலிருந்து விலகி நின்று பாடத் தொடங்கி, அடிமேல் அடிவைத்து நெருங்கி வருவதே அதன் உத்தி. இரகசியம் பேச வேண்டுமாயின் ஒலிவாங்கிக்கு மிக அருகே வாய் வைத்துப் பேசுவர். குதிரை ஓட வேண்டுமாயின் இரண்டு தேங்காய்ச் சிரட்டைகள் போதும். இடி இடிக்க ஒரு தகரத் தகடு. மழைக்கு முறத்தில் உருளும் பயறு. இந்தச் சூழ்ச்சிகளை அறிந்த பின்னும் அடுத்த முறை கேட்கும்போது குதிரையே ஓடுகிறது, மழையே பெய்கிறது. திரைப்படத்தின் தந்திரம் அறிந்துவிட்டால் எனக்கு அதன்மேல் நம்பிக்கை குறைந்துவிடுகிறது. செவிக்கு அந்தச் சந்தேக புத்தி ஏனோ இல்லை.

வானொலியை யான் முற்றும் போற்றுகிறேன் என்று எவரும் கருதற்க. அது கொடுத்ததும் உண்டு, கெடுத்ததும் உண்டு. இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும் வரை நடக்கும் நாடகத்தை ஒரு மணி நேரத்துள் அடைத்தது. நாரதர்க்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கத்தில் இரு நடிகர்களும் எழுதி வையாத சொல்லால் ஒருவரை ஒருவர் மடக்குவர். எந்தப் பக்கம் எப்பொழுது வெல்லும் என்று எவருக்கும் தெரியாது. ஒலிப்பதிவு அறையில் எழுதிய தாளைப் படிக்கும்போது அந்தத் துடிப்பு எங்கே? பபூனின் நகைச்சுவையும் நன்றாக வெளுத்துக் கஞ்சி போட்டு வந்து சேர்ந்தது. தேனி மாவட்டத்து ஊர்களில் இன்றும் திருவிழாக்களில் இந்நாடகங்களை நடத்திவரும் கலைஞர்களைக் கேட்டால், வானொலி தங்கள் கலையின் நிழலைத்தான் பிடித்தது என்பர். அவர் கூற்றில் உண்மை உண்டு. ஆயினும் பந்தலுக்கு வர இயலாத முதியவளும், அடுப்பை விட்டு அகல முடியாத காவலாளியும் அந்த நிழலிலேனும் இளைப்பாறினர்.

நந்தனார் கதையின் முடிவும் எனக்கு உடன்பாடன்று. அவர் தீயில் மூழ்கி எழுந்த பின்னரே கோயிலுள் புகலாம் என்பதை எந்த இசையும் நியாயமாக்கிவிட முடியாது. அதனை மாணவர்க்குச் சொல்லியே பாடம் நடத்த வேண்டும். ஆயின் விடை கேட்டு நிற்கும் அந்தக் குரலை மறைத்துவிடுதல் அதற்குத் தீர்வு ஆகாது.

இன்று நிலைமை என்ன? இந்தியாவில் பல இடங்களில் மத்திய அலை ஒலிபரப்பிகள் நிறுத்தப்பட்டுவிட்டன. பண்பலை வந்தது, எங்கள் பகுதியில் கொடைக்கானல் நிலையம் மலையுச்சியிலிருந்து தெளிவாகவே கேட்கிறது. ஆனால் கிடங்கில் தரம் பிரிக்கும் பெண்களுக்கு முன்னால் இப்பொழுது கைபேசி நிற்கிறது. அதில் படம் ஓடுகிறது. கையிலுள்ள காயைப் பார்ப்பதா, படத்தைப் பார்ப்பதா என்று கண் தவிக்கிறது. இரண்டையும் பாதி பாதி பார்க்கிறது. இந்தத் தவிப்பை அவர்களுக்கு வானொலி கொடுத்ததில்லை.

பழைய ஒலிப்பதிவுகள் பல நிலையங்களின் சேமிப்பில் உள்ளன. அவற்றை எடுத்துத் திருத்தி, வாரத்துக்கு ஓர் இரவேனும் முழு நாடகமாக ஒலிபரப்புதல் வேண்டும். துண்டு துண்டாக வெட்டிப் பாட்டை மட்டும் போடுதல் போதாது. கேட்போர் சிலரே என்பர் சிலர். அருணாசலக் கவிராயரின் இராம நாடகத்தை 18ஆம் நூற்றாண்டில் முதலிற் கேட்டவர் எத்தனை பேர்? கேட்டவர் பாடினர், பாடியதை மற்றவர் கேட்டனர். எண்ணிக்கை பிறகு வந்தது.

பள்ளிகளின் பொறுப்பு இதனினும் பெரிது. வள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாமல், கேள்விக்குத் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். நம் பள்ளிகளிலோ கல்விக்கு ஏழு பாடவேளை உண்டு. கேள்விக்கு ஒன்றும் இல்லை. நாடகப் பாடத்தை யானே முப்பது ஆண்டுகள் எவ்வாறு நடத்தினேன்? ஒரு மாணவன் ஒரு பக்கம் படிப்பான். அடுத்தவன் அடுத்த பக்கம் படிப்பான். மன்னனும் காவலனும் தோழியும் ஒரே குரலில் முனகுவார்கள். இறுதியில் அருஞ்சொற்பொருள். மனோன்மணீயத்தை அவ்வாறு யான் கொன்ற நாட்கள் பல. ஏலக்காய் ஸ்டோரில் கற்றதை வகுப்பறைக்குக் கொண்டுவர எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியபோது ஓய்வு பெற்றிருந்தேன்.

ஆயினும் சென்ற ஆண்டு, எங்கள் ஊர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு பாடவேளை தர இசைந்தனர். அப்பிள்ளைகளுள் பலருடைய தாயார் விடியற்காலையில் ஜீப்பில் ஏறி மலைக்குச் சென்று, இருட்டிய பின் திரும்புவோர். ‘நந்தனார்’ நாடகத்தின் பழைய ஒலிப்பதிவு ஒன்றை எடுத்துச் சென்றிருந்தேன். சன்னல்களைச் சாத்தச் சொன்னேன். கண்ணை மூடச் சொன்னேன். முதலிற் சிரிப்பு, பிறகு ஒருவரை ஒருவர் கிள்ளுதல், ஒருவன் உறங்கியே போனான். கையைச் சும்மா வைத்திருக்க மாட்டாமல் ஒரு சிறுமி தன் பின்னலைப் பிரித்துப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தாள். யான் அவளைத் தடுக்கவில்லை. கண் மூடியிருந்தது, கை வேலை செய்தது, முகம் மட்டும் நந்தனோடு சேர்ந்து மாறிக்கொண்டிருந்தது.

ஆண்டை நாற்பது வேலி என்று சொன்ன இடத்தில் பள்ளி மணி அடித்துவிட்டது. மற்றவர்கள் எழுந்து ஓடினர். அந்தச் சிறுமி மட்டும் என் அருகே வந்து நின்றாள்.

“ஐயா, அவருக்கு லீவு கிடைத்ததா?”

“அடுத்த வாரம் கேட்கலாம், அம்மா” என்றேன்.

“கிடைத்ததா என்று மட்டும் சொல்லுங்கள், ஐயா. இன்றைக்கே அம்மாவிடம் சொல்ல வேண்டும்” என்றாள்.